எதுல சார்?

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், எல்லோர் முன்னாலும் என் வேலையைப் பற்றிப் பேச எழுந்தேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியம் அது. “இந்தப் புரதத்தை எடுத்துவிட்டால் புற்றணுக்கள் செத்துவிடுகின்றன” என்றேன். அடுத்த வாக்கியத்துக்குப் போகும் முன் மேசையின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“எதுல?”

திரும்பிப் பார்த்தேன். கையுறையின் விளிம்பை வெட்டி, அதையே ரப்பர் பேண்டாக்கித் தலைமுடியைக் கட்டியிருந்த ஓர் அக்கா. குரலில் கோபமில்லை. பஸ்ஸில் கண்டக்டர் “எங்க?” என்று கேட்பாரே, அப்படித்தான் கேட்டார்.

“செல்லுலக்கா.”

“யார் செல்லுல? உன் உடம்புல இருக்கிற செல்லுலயா?”

“இல்லக்கா. டிஷ்ல வளத்த செல்லுல.”

“அப்போ டப்பாவுல செத்துச்சு. அப்படிச் சொல்லு. டப்பாவுல வினிகரை ஊத்தினாக்கூடத்தான் சாகும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. என் அப்பா சென்ட்ரிங் வேலை செய்பவர். அம்மா ஆவடியில் அடுக்குமாடிகளில் பெருக்கித் துடைப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அடித்துப் பிடித்து இந்த மேசை வரைக்கும் வந்தவனை ஒரே வார்த்தையில் உட்கார வைத்துவிட்டாரே என்று கொதித்தேன். அந்த வார்த்தைக்காக நான் பிற்பாடு எத்தனை பேர் மேல் கொதிக்கப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

அக்காவுக்கு எல்லாரிடமும் அதே கேள்விதான். “இந்த மருந்து வேலை செய்யுது” என்றால் எதுல. “இந்த மரபணு முக்கியம்” என்றால் எதுல. வெளிநாட்டிலிருந்து வந்து பேசிய பெரிய மனிதரிடமும் அதையே ஆங்கிலத்தில் கேட்டார். டப்பாவிலா, எலியிலா, மனிதனிலா? இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறவர்களைப் பார்த்தால், பாலில் தண்ணீர் கலப்பவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். ஆய்வகத்தில் அவருக்கு “எலியக்கா” என்று பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும். “பெருச்சாளின்னு வைக்காம விட்டீங்களே” என்பார்.

எங்கள் நிறுவனம் பூந்தமல்லியைத் தாண்டி, லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். நாங்கள் ஆராய்ந்தது ஒரு புரதத்தை. ஆர்.என்.ஏவைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் என்று ஒரு கூட்டமே உடம்பில் இருக்கிறது. அவை என்ன செய்கின்றன என்று நான் புத்தகங்களில் படித்துப் படித்துக் குழம்பியிருந்தேன். அக்கா ஒரு மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டார். அவருடைய அப்பா ஆவடியில் டிபென்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அக்கா குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண்.

“எங்கப்பா வேலைக்குப் போனா மெஷின் பக்கத்துல ஒரு ஜாப் கார்டு மாட்டியிருக்கும். இன்னிக்கு இந்தப் பாகத்தைச் செய்னு. டிராயிங் எல்லாம் ஆபீஸ்ல பூட்டி இருக்கும், அது டி.என்.ஏ. ஷாப்புக்கு வர்ற கார்டுதான் ஆர்.என்.ஏ. வேலை முடிஞ்சா கார்டைக் கழட்டிக் கிழிச்சுடணும். கழட்டாம ஒருத்தன் கிளிப் போட்டுப் பிடிச்சிட்டு நின்னா?”

“அடுத்த ஷிப்டும் அதையே செய்யும்.”

“அதுக்கடுத்த ஷிப்டும். அந்தக் கிளிப்தான் நம்ம புரதம்.”

அவ்வளவுதான். நோயோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, படிப்படியாக வளர்ந்து, வேலைக்குத் தயாராகி வெளியே வரவேண்டும். குழந்தை கருவில் இருக்கும்போது ‘பெருகு, இன்னும் பெருகு’ என்ற செய்தி அந்த அணுக்களுக்குத் தேவை. அதைக் கிழியவிடாமல் பிடித்துவைக்க எங்கள் புரதமும் தேவை. பிறந்த பிறகு அது ஒதுங்கிவிடும். சில வகை ரத்தப் புற்றுநோயில் அது ஒதுங்குவதில்லை. பழைய கார்டைப் பிடித்துக்கொண்டே நிற்கும். அணு வளராமல், வேலைக்கும் போகாமல், பெருகிக்கொண்டே இருக்கும். அக்கா அந்தப் புரதம் இல்லாத எலிகளை வளர்த்தார். அவற்றில் நோய் மற்ற எலிகளைவிட மெதுவாக ஏறியது. அதுதான் கண்டுபிடிப்பு. நல்ல கண்டுபிடிப்பு. உண்மையான கண்டுபிடிப்பு. எலிகளில்.

எங்கள் ஆய்வகத்தில் எலியைக் கொல்வதை ‘சாக்ரிஃபைஸ்’ என்பார்கள். ஏதோ அந்த எலியே முன்வந்து தியாகம் செய்ததைப் போல. அக்கா மட்டும் “இன்னிக்குக் கொன்னேன்” என்பார். சொல்லிவிட்டுக் கையைக் கழுவி, சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நிற்பார்.

இந்தப் பழக்கம் அவரை ஆய்வகத்துக்கு வெளியிலும் விடவில்லை. ஒருமுறை பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் மாமா, “பையன் ரொம்பக் கெட்டிக்காரன்மா” என்றிருக்கிறார். அக்கா “எதுல?” என்று கேட்டுவிட்டார். மாமா மாப்பிள்ளையைப் பார்க்க, மாப்பிள்ளை கையிலிருந்த பஜ்ஜியைப் பார்க்க, அத்தோடு முடிந்தது. அக்காவின் அம்மா ஒரு வாரம் மகளோடு பேசவில்லையாம்.

“நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான்டா கேட்டேன்” என்றார் என்னிடம். “கேரம்ல கெட்டிக்காரன்னு சொல்லியிருந்தாக்கூடச் சரின்னிருப்பேன்.”

பட்டாபிராமில் எங்கள் வீட்டுக்கு ஒருநாள் வந்திருந்தார். அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு வைத்து, “எம் புள்ளையும் இந்தப் பொண்ணும் கேன்சருக்கு மருந்து கண்டுபுடிக்கிறாங்க” என்று பெருமையடித்தார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பார்வை வந்துவிட்டது.

“மருந்து இல்லைங்கம்மா. நோய் எப்படி வருதுன்னு பாக்கிறோம். அதுவும் எலியில.”

“இன்னாது, எலிக்கும் கேன்சர் வருதா?”

“நாங்க வர வைப்போம்மா.”

“அடிப்பாவிங்களா! அதுங்க பாட்டுக்கு இருக்குதுங்க. எதுக்கு?”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். போகும்போது, “இதுவரைக்கும் என்கிட்ட யாரும் கேக்காத நல்ல கேள்விடா அது” என்றார்.

இனி, எல்லாவற்றுக்கும் காரணமான செய்திக் குறிப்பு. எங்கள் ஆய்வகத் தலைவரை நாங்கள் ‘சார்’ என்போம். அவர் கெட்டவர் இல்லை. என் ஆங்கிலத்தைப் பார்க்காமல் என் மார்க்கைப் பார்த்து வேலை கொடுத்தவர். மாணவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். அதனால்தான் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. கெட்டவர் செய்தால் கெட்டவர் செய்தார் என்று விட்டுவிடலாம்.

அக்காவின் ஆய்வு ஓர் இதழில் வெளியானதும், பத்திரிகைகளுக்கு அனுப்பத் தமிழில் ஒரு குறிப்பு எழுதச் சொன்னார் சார். அக்கா எழுதினார். ‘எலிகளில் நடத்திய ஆய்வில்’ என்றுதான் அது தொடங்கியது. நான் தட்டச்சு செய்தேன், எனக்குத் தெரியும். குறிப்பு சாரின் அறைக்குப் போய்த் திரும்பியபோது அந்தத் தொடக்கம் இல்லை. அக்கா நேராக உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது.

“சார், எலி எங்க போச்சு?”

“பத்திரிகைக்கு அவ்வளவு விவரம் வேண்டாம்மா. எலின்னா வாசகருக்குச் சிரிப்பு வரும். நம்ம வேலையோட கனம் போயிடும்.”

“கனம் போனாப் போகட்டும் சார். எலியைப் போடலேன்னா மனுஷன்னு படிப்பாங்க.”

“படிக்கத் தெரிஞ்சவங்க புரிஞ்சுப்பாங்க. கீழ இதழோட பேர் போட்டிருக்கே, அதுல போய்ப் பாக்கட்டும்.”

படிக்கத் தெரிந்தவர்கள்! ஆங்கில இதழைத் தேடிப் போய், சந்தா கட்டி, அதில் ‘முறைகள்’ என்ற பகுதியைப் புரட்டி, எலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பட்டாபிராம் டீக்கடையில் பேப்பர் படிக்கிறவன் அதைச் செய்ய வேண்டுமாம். அன்றைக்கு நான் கதவுக்கு வெளியே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

‘ரத்தப் புற்றுநோய்க்கு முற்றுப்புள்ளி’ என்று தலைப்புப் போட்டுப் பேப்பரில் வந்தது. சாரின் படம், பெரிதாக. அதை யாரோ போனில் படமெடுத்தார்கள். அது குழுக் குழுவாகப் போயிற்று. எங்கள் தெருக் குழுவுக்கு வந்தபோது, ‘நம்ம ஏரியாவுக்குப் பெருமை, பகிருங்கள்’ என்று மேலே சேர்த்திருந்தார்கள். அக்கா பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். “கார்டைக் கிளிப் போட்டுட்டாங்கடா. இனி எல்லா ஷிப்டும் இதையே அடிக்கும்.”

எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு ஸ்கூல் வேன் டிரைவர் இருந்தார். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவருடைய மகளுக்கு ரத்தப் புற்றுநோய். இரண்டாம் வகுப்புப் படிக்கிற குழந்தை. நகரத்து ஆஸ்பத்திரியில் முதல் கட்ட ஊசிகள் முடிந்து, தலைமுடி கொட்டி, நோய் அடங்கியிருந்தது. அடங்கினாலும் சிகிச்சை நீளும், நடுவில் விட்டால் திரும்ப வந்துவிடும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வந்திருந்த வகை, முழுச் சிகிச்சையும் எடுத்துக்கொண்டால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்கிற வகை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிழைக்கக்கூடிய குழந்தை அவள்.

வேன் டிரைவர் ஒரு சாயங்காலம் நிறுவனத்தின் வாசலுக்கே வந்துவிட்டார். காவலாளி உள்ளே விடவில்லை. என் பெயரைச் சொல்லியிருக்கிறார். நான் அக்காவையும் கூட்டிக்கொண்டு வெளியே போனேன்.

“தம்பி, பேப்பர்ல பாத்தேன்பா. உங்க ஆபீஸ்னு போட்டுகிது. எங்க குடுக்குறாங்க அந்த மருந்த?”

“அண்ணே, பாப்பாவுக்கு இப்ப ஊசி போயிட்டிருக்கு இல்ல?”

“நிறுத்திட்டேன்பா.”

அக்காதான் கேட்டார். “எப்பண்ணே நிறுத்துனீங்க?”

“பேப்பர் வந்த அன்னிக்கே. போன தபா வரச்சொன்ன தேதிக்குப் போவல. முதுவுல ஊசி குத்தசொல்லோ எம் பொண்ணு கத்துற கத்த நீங்க கேட்டுகிறீங்களா மேடம்? நாலு பேரு புடிச்சிகினு கீறோம். ‘யப்பா உட்ரச் சொல்லுப்பா’ன்னு என்னப் பாத்துக் கத்துது. புது மருந்து வந்துட்ச்சின்றாங்க, இன்னும் இன்னாத்துக்கு அத்தப் போட்டுக் குத்தணும்?”

அக்கா பொறுமையாகச் சொன்னார். அது மருந்து இல்லை. நாங்கள் பார்த்தது வேறு வகை நோய். அதுவும் எலியில். மருந்து வருமா என்றே தெரியாது. பாப்பாவுக்கு இப்போது கொடுக்கிற சிகிச்சைதான் சரி, நாளைக்கே போய்விடுங்கள்.

அவர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க யாரு மேடம்?”

“அந்த வேலையைச் செஞ்சவ.”

“பேப்பர்ல உங்க போட்டோ இல்லியே. பெரிய சாரு போட்டோதான் கீது. அவரு முற்றுப்புள்ளின்னு சொல்றாரு, நீங்க எலின்றீங்க.” குரல் ஏறியது. “பெரிய ஆளுங்களுக்குன்னு எட்த்து வச்சிகினீங்களா? நம்ம மாதிரி ஆளு வந்து கேட்டா எலி, பூனைன்னு கதை சொல்லி அனுப்பிச்சிட்றதா? இன்னா தம்பி, நீயுமா?”

அந்த ‘நீயுமா’ இன்னும் என் நெஞ்சில் குத்திக்கொண்டு இருக்கிறது. அவர் சந்தேகப்பட்டதில் என்ன தப்பு? அவர் வாழ்க்கையில் நல்லது எதுவும் அவருக்கு முதலில் வந்து சேர்ந்ததில்லை. எல்லாம் பெரிய ஆட்களுக்குப் போன பிறகு, மிச்சம்தான். பொய் பேப்பரில் அச்சாகி வந்தது. உண்மை, கையுறை ரப்பரைத் தலையில் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றது. எதை நம்புவார்?

அக்கா உள்ளே திரும்பி ஓடினார். சாரிடம் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. “சார், வாசல்ல நிக்கிறார். நீங்க வந்து எலியிலதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வாயால சொன்னாத்தான் நம்புவார்.”

“இன்னிக்கு ஒருத்தர், நாளைக்கு நூறு பேர் வருவாங்கம்மா. ஒவ்வொருத்தருக்கா வாசல்ல போய் விளக்க முடியுமா? அவரோட டாக்டர் பாத்துப்பார்.”

“அப்போ பேப்பருக்குத் திருத்தம் அனுப்பலாம் சார்.”

“நிதிக் குழு வர்ற நேரத்துலயா?”

நாங்கள் திரும்பி வந்தபோது வேன் போயிருந்தது. அடுத்தடுத்து நாங்கள் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி கதவருகே நின்று, “அவரு யாரு சொன்னாலும் கேக்க மாட்றாரு, நீங்க போங்க” என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். சாத்துவதற்கு முன் பார்த்தேன்: உள்ளே அந்தக் குழந்தை மொட்டைத் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, தூணைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். பார்த்தால் நோயாளி என்று சொல்லவே முடியாது. அதுதான் பயமாக இருந்தது.

அக்காவின் வீடு பருத்திப்பட்டில், ஏரியைப் பார்த்த அடுக்குமாடியில். அந்த அடுக்குமாடிச் சங்கத்துக்காரர்கள் தங்கள் மண்டபத்தில் சாருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். கேட்டை மறைத்துக் கட்டிய ஃப்ளெக்ஸில், ‘ரத்தப் புற்றுநோயை வென்ற மாமேதையே, வருக!’ என்று ஆளுயர எழுத்து. அக்கா சாரிடம் வேலை பார்ப்பவர், அங்கேயே குடியிருப்பவர். அதனால் நன்றியுரை அவருக்கு. அக்கா சரியென்றார். அவர் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

என்னிடம், “வேன் டிரைவரை எப்படியாவது கூட்டிட்டு வா. மருந்து எங்கன்னு பெரிய சார்கிட்டயே கேட்டுக்கலாம்னு சொல்லு” என்றார். அப்படிச் சொன்னதும் அவர் வந்துவிட்டார். மனைவி, மகளோடு. மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பெண்ணுக்குப் பட்டுப் பாவாடை கட்டிவிட்டிருந்தார்கள்.

மாலை, சால்வை, பொன்னாடை, மறுபடியும் சால்வை. சார் பேசினார். நன்றாகத்தான் பேசினார். ‘எதிர்காலம்’ என்றார், ‘நம்பிக்கை’ என்றார். எலி என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை. பிறகு அக்கா மைக்கைப் பிடித்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். நன்றி சொல்றதுக்கு முன்னாடி சார்கிட்ட ஒரே ஒரு கேள்வி. புற்றுநோயை வென்றதுன்னு வாசல்ல போட்டிருக்கு. எதுல சார்?”

சார் சிரித்தார். “வேலை செஞ்சதே அவங்கதான். அவங்களுக்குத் தெரியாததா?”

கைதட்டல். அக்கா அது அடங்கும்வரை காத்திருந்தார். “எனக்குத் தெரியும் சார். கடைசி வரிசைல ஒருத்தர் மகளோட உக்காந்திருக்கார். அவருக்குத் தெரியல. எதுல சார்?”

“அது… ஒரு மாடல் சிஸ்டம்லம்மா.”

“மாடல் சிஸ்டம்னா எது சார்?”

சங்கத்துச் செயலாளர் எழுந்து, “அம்மா, நேரமாச்சு, டிபன் ஆறுது” என்றார். முன்வரிசையில் அக்காவின் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ ஒரு பெரியவர், “கேக்கிறாங்க இல்ல, சொல்லிட்டுப் போங்க சார்” என்று குரல் விட்டார்.

“மைஸ்” என்றார் சார்.

“தமிழ்ல சார்.”

“எலி.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அக்கா விடவில்லை. “மனுஷங்களுக்கு இன்னிக்கு மருந்து இருக்கா சார்?”

“இன்னும் சில வருஷத்துல…”

“இன்னிக்கு சார்.”

“இன்னிக்கு இல்ல.”

“நன்றி சார். எல்லாருக்கும் நன்றி” என்று சொல்லிவிட்டு அக்கா மைக்கை வைத்தார். நான் கேட்டதிலேயே சின்ன நன்றியுரை அதுதான்.

கடைசி வரிசை காலியாக இருந்தது. நானும் அக்காவும் வெளியே ஓடினோம். ஏரிக்கரையோரம் வேன் நின்றிருந்தது. அவர் வேனின் படியில் உட்கார்ந்திருந்தார். மனைவி உள்ளே, மடியில் குழந்தை. அக்காவைப் பார்த்ததும் அவர் கேட்டார்.

“அந்த எலிங்களாவது பொழைச்சிச்சா மேடம்?”

யாராயிருந்தாலும் அந்த இடத்தில் ஆமாம் என்றிருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன். அக்கா அவர் எதிரில் கீழே, மண்ணிலேயே உட்கார்ந்தார்.

“இல்லண்ணே. மத்ததை விடக் கொஞ்ச நாள் கூட இருந்துச்சு. அப்புறம் செத்துப் போச்சு.”

“செத்துட்ச்சா?”

“ஆமாண்ணே.”

அவர் மண்டபத்தின் பக்கம் பார்த்தார். உள்ளே டிபன் பரிமாறும் சத்தம் கேட்டது. “அதுக்கா இத்தினி சால்வை?”

அவர் எங்களைத் திட்டினார். சாரைத் திட்டினார், பேப்பர்காரனைத் திட்டினார், பிறகு தன்னையே தலையில் அடித்துக்கொண்டு திட்டிக்கொண்டார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “உங்க மேல தப்பில்லண்ணே. எங்க மேல. காலைல ஆஸ்பத்திரிக்கு நாங்களும் வர்றோம். டாக்டர்கிட்ட நான் சொல்றேன்.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வேன எட்த்துகினு வரேன், சீக்கிரம் கெளம்பி நில்லுங்க. லேட்டாப் போனா டோக்கன் தீந்துரும்.”

அக்கா இப்போது எங்கள் ஆய்வகத்தில் இல்லை. அவருடைய பணிக்காலம் நீட்டிக்கப்படவில்லை. காரணம் ‘நடத்தை’ என்றார்கள். எங்கள் நிறுவனத்தில் ‘எலி’ என்ற வார்த்தையை அடித்ததற்கு யாருக்கும் எந்தத் தண்டனையும் இல்லை. சேர்த்ததற்கு உண்டு. தெற்கே ஏதோ கல்லூரியில் பாடம் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய எலிகளைப் பற்றி இப்போது வேறொருவர் பேசுகிறார். கூட்டங்களில் யாராவது ‘இந்தப் புரதம் இதைச் செய்கிறது’ என்றால், மேசையின் கோடியைப் பார்க்கிறேன். நாற்காலி காலி. அதனால் இப்போதெல்லாம் நானே கேட்கிறேன். என் பணிக்காலமும் முடியப்போகிறது, பார்க்கலாம்.

அந்த நடத்தை என்ன என்று சொல்ல வேண்டும். நன்றியுரைக்காக மட்டும் இல்லை. அதை மேடைப் பதற்றம் என்று சார் மன்னித்திருப்பார். மறுநாள் காலையில் நடந்ததுதான் காரணம்.

சொன்னபடி வேன் வந்தது. என்னைப் பட்டாபிராமில் ஏற்றிக்கொண்டு, அக்காவை ஏற்ற அடுக்குமாடி வாசலுக்குப் போனோம். விழா முடிந்தும் ஃப்ளெக்ஸை யாரும் கழற்றியிருக்கவில்லை. அதில் இருந்த படத்தில் சார் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா கையில் தண்ணீர் பாட்டிலோடு வந்தார், வேன் கதவில் கை வைத்தார், திரும்பிப் பார்த்தார். ஆய்வகத்துக்காரர்கள் எல்லோருடைய பையிலும் ஒரு மார்க்கர் பேனா கிடக்கும், எந்தத் தண்ணீரிலும் அழியாதது. அதை எடுத்துக்கொண்டு ஃப்ளெக்ஸிடம் போனார்.

“யக்கா, இன்னா பண்றீங்க? டோக்கன் போயிடும்!” என்று டிரைவர் ஹாரன் அடித்தார்.

“ஒரு நிமிஷம்ணே.”

‘ரத்தப் புற்றுநோயை’ என்பதற்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது. அதில், குண்டு குண்டான எழுத்தில், நிதானமாக எழுதினார். எழுத்துகள் நேராக வருகின்றனவா என்று ஒரு அடி பின்னால் தள்ளி நின்று வேறு பார்த்தார். மேல் மாடியிலிருந்து யாரோ போனில் படமெடுத்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அந்தப் படம், முந்தைய செய்தி போன அதே குழுக்களில், அதே வேகத்தில் போயிற்று.

அக்கா வந்து ஏறினார். வேன் கிளம்பியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த குழந்தை, தலைத் துண்டைச் சரிசெய்துகொண்டு, ஃப்ளெக்ஸை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“எ… லி… க… ளின்… ரத்த…”

பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல், அப்பாவின் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அவள் அம்மாவும் சிரித்தார். சார் சொன்னது சரிதான். எலி என்றால் வாசகருக்குச் சிரிப்பு வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் வந்தது.